உங்களுக்குத் தெரியுமா? டீத்தூள் பாக்கெட்டில் ஒளிந்திருந்த ஹிட்லர் எதிர்ப்பு

● நம் தேயிலை மலையில் சின்னக்கானல், பெரியகானல், சூரியநெல்லி பக்கம் டீத்தூள் பாக்கெட் என்றால் அதற்குள் டீத்தூள்தான் இருக்கும். 1930-களின் ஜெர்மனியில் அப்படி நம்பிவிட முடியாது. வெளியே பார்த்தால் தேயிலைக் கம்பெனியின் பெயரும் படமும். உள்ளே சிகரெட் தாளைப் போல மெலிந்த காகிதத்தில், கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்க வேண்டிய பொடி எழுத்தில், ஹிட்லர் ஆட்சியைக் கிழித்துத் தொங்கவிடும் கட்டுரைகள். விதைப் பாக்கெட், ஷாம்பு உறை, கேமரா எப்படி இயக்குவது என்று சொல்லும் கையேடு என எல்லா வேடத்திலும் இந்தப் பிரசுரங்கள் எல்லை தாண்டி உள்ளே போயின. கெட்டிக்காரத்தனம் முதல் சில பக்கங்களில் இருந்தது. கையேடு என்றால் முதல் இரண்டு மூன்று பக்கம் நிஜமாகவே கையேடுதான். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கும் போலீஸ்காரர் ஏமாந்து போவார். அடுத்த பக்கம் வரை புரட்டியவர் கையில் சிக்கினால், வைத்திருந்தவருக்குச் சிறை, வதைமுகாம். சிலருக்குத் தலையே போனது.

● அந்தக் காலத்தின் மிகப் பெரிய நாஜி எதிர்ப்புப் புத்தகமான ‘பழுப்பு நூல்’ ஜெர்மனிக்குள் நுழைந்தது மகாகவி கதேயின் காவியம் ஒன்றின் அட்டையைப் போர்த்திக்கொண்டுதான். பள்ளிப் பிள்ளைகள் பையில் வைத்திருக்கும் மலிவுப் பதிப்பு அது. யார் சந்தேகப்படுவார்கள்?

● அந்தப் பழுப்பு நூலுக்குப் பின்னால் இருந்தவர் வில்லி மூன்சென்பெர்க். 1889-ல் எர்ஃபுர்ட் நகரில் பிறந்தவர். இளவயதில் செருப்புத் தொழிற்சாலைக் கூலி. சுவிட்சர்லாந்துக்குப் போய் சூரிச் நகர மருந்துக்கடையில் வேலை பார்த்தார். அதே நகரில் நாடு கடந்து வாழ்ந்துகொண்டிருந்த லெனினோடு அங்கேதான் பழக்கம். தத்துவ விளக்கத்தில் அவர் பெயர் எடுத்ததாகத் தெரியவில்லை. ஆளைச் சேர்ப்பதும் பணத்தைத் திரட்டுவதும் அச்சு இயந்திரத்தை ஓட விடுவதும் அவருக்குக் கைவந்த கலை. ரஷ்யாவில் 1921-ல் பஞ்சம் வந்தபோது லெனின் கேட்டுக்கொண்டதன் பேரில் உலகத் தொழிலாளர்களிடம் நிவாரணம் திரட்டியதில் தொடங்கி, பத்தே ஆண்டில் பத்திரிகை, பதிப்பகம், சினிமா என்று ஒரு சாம்ராஜ்யமே கட்டிவிட்டார். ‘சிவப்புக் கோடீஸ்வரர்’ என்று எதிரிகள் கேலி பேசினார்கள்.

● ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ படத்தைப் பற்றிப் பேசாத திரைப்படச் சங்கம் நம் ஊர்களில் உண்டா? அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது மாஸ்கோவில் அல்ல, 1926-ல் பெர்லினில். அதை ஜெர்மனியில் வெளியிட்ட நிறுவனம் மூன்சென்பெர்க்கின் ஏற்பாட்டில் உருவானது.

● அவர் நடத்திய தொழிலாளர் படப் பத்திரிகை வாரந்தோறும் லட்சக்கணக்கில் விற்றது. அதற்குப் படம் எடுத்துத் தந்தவர்களில் சம்பளக்காரப் புகைப்படக்காரர்கள் மட்டும் இல்லை. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்கிறவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே படம் பிடித்து அனுப்பலாம் என்று அறிவித்து, அவர்களுக்குப் புகைப்படம் கற்றுக்கொடுக்கத் தனி இதழே தொடங்கினார். இன்று லயத்து வீட்டுப் பிள்ளைகள் செல்போனில் எடுத்துப் போடுகிற காணொளிக்கு நூறு வருடம் முன்னாலேயே ஒருவர் தாத்தா ஆகிவிட்டார்!

● அந்தப் பத்திரிகையின் அட்டையில் கத்தரியும் பசையும் கொண்டு ஹிட்லரைக் கேலிப்பொருளாக்கியவர் ஜான் ஹார்ட்ஃபீல்ட். கேட்டால் ஆங்கிலேயர் பெயர். ஆனால் அவர் அசல் ஜெர்மானியர். முதல் உலகப் போரில் நாடே இங்கிலாந்தைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த வெறியை எதிர்ப்பதற்காகவே ஹெல்முட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் என்ற தன் பெயரை ஆங்கிலப் பெயராக மாற்றிக்கொண்டவர். 1933 புனித வெள்ளியன்று நாஜிகள் வீடு தேடி வந்தபோது மாடி முகப்பிலிருந்து குதித்து, குப்பைத் தொட்டிக்குள் ஒளிந்து தப்பினார்.

● நேரு இந்தக் கதைக்குள் வருகிறார். 1927 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸ் நகரின் எக்மோன் அரண்மனையில் ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாடு ஒன்று கூடியது. இந்திய தேசிய காங்கிரஸின் சார்பில் போனவர் ஜவாஹர்லால் நேரு. மாநாட்டின் சூத்திரதாரி மூன்சென்பெர்க். காலனி நாட்டவர்கள் ஒரே கூரையின் கீழ் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட முதல் பெரிய சந்தர்ப்பங்களில் அது ஒன்று. இந்தோனேசியாவின் ஹத்தா அங்கே இருந்தார், அல்ஜீரியாவின் மெஸ்ஸாலி ஹாஜ் இருந்தார். அங்கே பிறந்த ஏகாதிபத்திய எதிர்ப்பு லீகின் பெர்லின் அலுவலகத்தைச் சுமந்தவர் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா, நம் கவிக்குயில் சரோஜினி நாயுடுவின் தம்பி. ‘சட்டோ’ என்றால் பெர்லின் போலீசுக்கும் தெரியும், லண்டன் உளவுத்துறைக்கும் தெரியும். நேருவுக்கும் லீகுக்கும் பின்னால் மனக்கசப்பு வந்து, லீக் அவரை வெளியேற்றியது தனிக் கதை. யாரையாவது வெளியேற்றாமல் அந்தக் காலக் கம்யூனிஸ்ட் அமைப்புகளுக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது.

● பெர்லினில் நேருவின் ஏற்பாட்டில் இந்தியத் தகவல் மையத்தை நடத்தியவர் தலச்சேரிக்காரர், ஏ.சி.என். நம்பியார். இவருடைய தந்தை வேங்ஙயில் குஞ்ஞிராமன் நாயனார் யார் தெரியுமா? மலையாளத்தின் முதல் சிறுகதை என்று சொல்லப்படும் ‘வாசனாவிக்ருதி’யை 1891-ல் எழுதியவர்.

● பெரியாரும் அந்தப் பெர்லினைப் பார்த்தவர்தான். 1932-ல் ஐரோப்பாவைச் சுற்றியபோது ஜெர்மனிக்கும் போனார். கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கையின் தமிழாக்கம் அதற்கு முந்தைய ஆண்டே அவருடைய ‘குடி அரசு’ இதழில் வரத் தொடங்கியிருந்தது. அவர் பார்த்துவிட்டு வந்த ஜெர்மனி ஓராண்டுக்குள் ஹிட்லர் கைக்குப் போய்விட்டது.

● இனி ஒரு கூட்டல் கணக்கு. 1932 நவம்பரில் நடந்த ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தலில் மொத்த இடங்கள் 584. நாஜிகளுக்கு 196. சமூக ஜனநாயகக் கட்சிக்கு 121. கம்யூனிஸ்டுகளுக்கு 100. கடைசி இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 221! தனித்தனியாக நின்றதால் நாஜிகள் முதலிடம். கூடியிருந்தால் ஹிட்லரைத் தடுத்திருக்க முடியுமா என்று அடித்துச் சொல்ல முடியாது. பெரும்பான்மைக்கு 293 வேண்டும், ராணுவமும் முதலாளிகளும் கிழட்டு ஜனாதிபதி ஹிண்டன்பர்க்கும் வேறு பக்கம் சாய்ந்திருந்தார்கள். ஆனால் கூடவே முடியாமல் போனதற்குக் காரணம் சொல்ல முடியும். சமூக ஜனநாயகக் கட்சியினரைச் ‘சமூகப் பாசிஸ்டுகள்’ என்று முத்திரை குத்தி, முதல் எதிரி அவர்களே என்று மாஸ்கோ வகுத்த பாதையில் ஜெர்மன் கட்சி கண்ணை மூடிக்கொண்டு நடந்தது. கம்யூனிஸ்டுகளுக்கு அவர்கள் மீது பழைய பகையும் இருந்தது: 1919-ல் கம்யூனிஸ்ட் தலைவர் ரோசா லக்சம்பர்க் கொல்லப்பட்டபோது ஆட்சியில் இருந்தவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியினர்தான். ‘ஐக்கிய முன்னணி கட்டுங்கள்’ என்று கத்திய சிறு குழுவைக் கட்சி அதற்கு முன்பே வெளியே தள்ளியிருந்தது. மூன்சென்பெர்க் அப்போது கட்சியின் பாதையை எதிர்த்து வாயைத் திறக்கவில்லை. அவருடைய வாழ்க்கையில் எனக்கு உறுத்தும் இடம் இது.

● முன்னணிக் கணக்கு நம் மலைக்குப் புதிதல்ல. 1957-ல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். முதல்வரானபோது 126 பேர் கொண்ட சபையில் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 60 இடம், ஆதரவுச் சுயேச்சைகள் 5 பேர். நூலிழைப் பெரும்பான்மை. அதனால்தான் தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பாகி 1958-ல் இடைத்தேர்தல் வந்தபோது கட்சி மொத்தமும் மலையேறி வந்தது. தோட்டத் தமிழர்களிடம் தமிழில் பாடி வாக்குக் கேட்க வந்தவர் பண்ணைப்புரம் பாவலர் வரதராசன். அவருடைய தம்பி பிற்பாடு இளையராஜாவானார். ரோசம்மா ஜெயித்தார்.

● பாட்டு என்றதும் இன்னொன்று. 1933-ல் பியோர்கர்மோர் வதைமுகாமில் கம்யூனிஸ்ட் கைதிகளைச் சதுப்பு நிலத்தில் மண்வெட்டியோடு இறக்கிவிட்டு வேலை வாங்கினார்கள். ஒரு சுரங்கத் தொழிலாளி வரிகளை எழுதினார், ஒரு நடிகர் அதைத் திருத்தினார், ஓர் அலுவலக ஊழியர் மெட்டுப் போட்டார். ஆகஸ்ட் மாதம் முகாமுக்குள்ளேயே கைதிகள் நடத்திய கலைநிகழ்ச்சியில் 16 பேர் தோளில் மண்வெட்டியோடு அணிவகுத்து வந்து அதைப் பாடினார்கள். பல்லவி வந்தபோது காவலர்களும் சேர்ந்து பாடினார்கள் என்பதுதான் வேடிக்கை. இரண்டு நாளில் பாட்டுக்குத் தடை. அதற்குள் அது முகாம் முகாமாகப் பரவிவிட்டது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தன்னார்வப் படைகள் பாடிக்கொண்டு போகிற அளவுக்கு.

● 1933 பிப்ரவரி 27 இரவு ஜெர்மன் நாடாளுமன்றம் எரிந்தது. விடிவதற்குள் கம்யூனிஸ்டுகளை வீடு வீடாகப் பிடிக்கத் தொடங்கினார்கள். மூன்சென்பெர்க் அன்று பெர்லினில் இல்லை. ஃபிராங்க்ஃபுர்ட் பக்கம் தேர்தல் கூட்டத்துக்குப் போயிருந்தார். அப்படியே காரைத் திருப்பி, இன்னொருவர் பாஸ்போர்ட்டோடு சார் பகுதிக்குள் நுழைந்து, அங்கிருந்து பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார்.

நம்பியாருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மறுநாளே நாஜி அதிரடிப் படை அவரைப் பிடித்துக்கொண்டு போனது. சரோஜினி நாயுடுவின் மகன் ஜெயசூர்யாவும் பிடிபட்டார். பிரிட்டிஷ் பிரஜைகளாயிற்றே என்று பிரிட்டிஷ் தூதரகம் தலையிட்டது. எந்த ஆட்சியை எதிர்த்து பெர்லினில் உட்கார்ந்திருந்தார்களோ, அந்த ஆட்சியின் சிபாரிசில் வெளியே வர வேண்டிய நிலை! நம்பியார் ப்ராக் நகருக்குப் போனார்.

● பழுப்பு நூல் அதே ஆண்டு ஆகஸ்டில் பாரிஸில் வெளியானது. நாடாளுமன்றத்துக்குத் தீ வைத்தவர்கள் நாஜிகளே என்று குற்றம் சாட்டியது. வதைமுகாம்களின் பட்டியலையும் கொல்லப்பட்டவர்களின் பெயர்களையும் உலகத்தின் முன் வைத்தது. பல மொழிகளில் பறந்தது. அடுத்து மூன்சென்பெர்க் செய்ததுதான் அசாத்தியம். லைப்சிக் நகரில் நாஜி அரசு வழக்கு விசாரணையைத் தொடங்கும் முன்பே, பல நாட்டு வழக்கறிஞர்களைக் கூட்டி லண்டனில் ஓர் ‘எதிர் விசாரணை’ நடத்தி, உண்மையான விசாரணை தொடங்குவதற்கு முதல் நாள் தீர்ப்பையும் சொல்ல வைத்தார். லைப்சிக் நீதிமன்றத்தில் நாஜி அமைச்சர் கோரிங் சாட்சிக் கூண்டில் நின்று, குற்றம் சாட்டப்பட்ட பல்கேரியக் கம்யூனிஸ்ட் டிமிட்ரோவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாமல் கத்தினார். டிசம்பரில் டிமிட்ரோவும் இன்னும் மூவரும் விடுதலை. தீ வைத்ததாக ஒப்புக்கொண்ட டச்சு இளைஞர் வான் டெர் லுப்பேவுக்கு மட்டும் மரண தண்டனை.

இவ்வளவு சொன்னபின் இதையும் சொல்ல வேண்டும். பழுப்பு நூலில் உண்மையோடு புனைவும் கலந்திருந்தது. வான் டெர் லுப்பேயை நாஜிகளின் கைக்கூலி என்று காட்டுவதற்காக அவருடைய தனிவாழ்க்கையை இழிவாகச் சித்திரித்தது. அந்த இளைஞர் தனியாளாகவே தீ வைத்தார் என்பதுதான் பிற்கால ஆய்வாளர்கள் பலரின் முடிவு. நல்ல காரியத்துக்காகச் சொன்னாலும் பொய் பொய்தான். பாவம், அந்த ஆளுக்காகப் பேச எந்த முகாமும் இல்லை.

● நாஜிகள் முதல் முதலாகக் குடியுரிமை பறித்த 33 பேர் பட்டியலில் மூன்சென்பெர்க்கும் உண்டு. எழுத்தாளர்கள் ஹைன்ரிக் மன், டுகோல்ஸ்கி, டோலர் எல்லாரும் அதே பட்டியல்தான். அவ்வளவு நல்ல சகவாசம் யாருக்குக் கிடைக்கும்?

● வாயனசாலை இல்லாத ஊர் கேரளத்தில் இல்லை என்போம். நாஜிகள் புத்தகங்களைக் கொளுத்தி ஓராண்டு நிறைந்த நாளில், 1934 மே 10 அன்று, எரிக்கப்பட்ட புத்தகங்களுக்காகவே பாரிஸில் ஒரு நூலகம் திறந்தார்கள். நாடுகடந்த ஜெர்மானியர்கள் தங்கள் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தவைதான் பெரும்பகுதி.

● ஜனாதிபதி தேர்தலில் ஹிட்லரை எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட் தலைவர் ஏர்ன்ஸ்ட் தேல்மன், ஹாம்புர்க் துறைமுகத் தொழிலாளி. 1933 மார்ச்சில் பிடிபட்டவரைப் பதினோரு ஆண்டு தனிச் சிறையில் வைத்திருந்து, 1944 ஆகஸ்டில் புக்கன்வால்ட் முகாமில் சுட்டுக் கொன்றார்கள். விமானக் குண்டுவீச்சில் செத்தார் என்று பத்திரிகையில் போட்டார்கள்.

● லிசெலோட் ஹெர்மன் ஒரு முன்னாள் கல்லூரி மாணவி, கைக்குழந்தையின் தாய். நாஜிகள் ரகசியமாக ஆயுதம் குவிக்கும் செய்தியை வெளிநாட்டுத் தோழர்களுக்கு அனுப்பியதற்காக 1938 ஜூன் 20 அன்று பெர்லினில் தலை வெட்டப்பட்டார். வயது 28.

● தப்பியவர்களுக்கு மாஸ்கோ புகலிடமாக இருந்திருக்க வேண்டும். பலருக்கு அது கொலைக்களம். சட்டோபாத்யாயா 1937 ஜூலையில் சோவியத் போலீசால் கைதாகி, செப்டம்பர் 2 அன்று சுடப்பட்டார். ஜெர்மன் கட்சியின் முன்னணித் தலைவர் ஹைன்ஸ் நொய்மனும் அதே ஆண்டு சுடப்பட்டார். நொய்மனின் துணைவி மார்கரெட், மூன்சென்பெர்க்கின் துணைவி பாபெட்டின் உடன்பிறந்தவர். அவரைக் கசக்ஸ்தானின் கரகண்டா முகாமுக்கு அனுப்பினார்கள். 1940 பிப்ரவரியில் திரும்பக் கூட்டி வந்தார்கள். விடுதலை என்றுதான் அவரும் நினைத்திருப்பார். பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் பாலத்தில் ஹிட்லரின் கெஸ்டபோவிடம் கையளித்தார்கள்! ஸ்டாலின் முகாமிலிருந்து நேராக ஹிட்லர் முகாம்: ரேவன்ஸ்ப்ரூக்கில் ஐந்து ஆண்டு. அங்கே அவருக்குக் கிடைத்த தோழி, காஃப்கா கடிதம் எழுதிய அதே மிலேனா. மிலேனா முகாமிலேயே இறந்தார். மார்கரெட் பிழைத்து வந்து இரண்டு சிறைகளையும் பற்றி எழுதினார்.

● மூன்சென்பெர்க் 1936-ல் மாஸ்கோ போய் எப்படியோ திரும்பி வந்தார். மறுபடி கூப்பிட்டபோது போகவில்லை. கட்சி அவரை ஒதுக்கியது. 1939-ல் அவரே வெளிப்படையாக முறித்துக்கொண்டார். அந்த ஆகஸ்டில் ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் போட்டதும், பாரிஸில் தான் நடத்திய ‘எதிர்காலம்’ என்ற இதழில் ஸ்டாலினைத் துரோகி என்று பெயர் சொல்லி எழுதினார். முன்பு மூடியிருந்த வாய் கடைசியில் திறந்தது. காலம் கடந்துவிட்டது என்பது வேறு.

● போர் வந்ததும் பிரான்ஸ் அவரை ‘எதிரி நாட்டவர்’ என்று லியோன் பக்கத்து முகாமில் அடைத்தது. 1940 ஜூனில் ஜெர்மன் படை நெருங்கியபோது சில கைதிகளோடு தெற்கே நடக்கத் தொடங்கினார். அக்டோபரில் செயின்ட்-மார்செலன் ஊருக்கு அருகே காட்டில் வேட்டைக்காரர்கள் அவர் உடலைக் கண்டார்கள், கழுத்தில் கயிற்றோடு. தற்கொலையா, ஸ்டாலினின் ஆட்கள் வேலையா என்று வழக்காடாத வரலாற்றாசிரியர் இல்லை.

● போலீசார் ஜெர்மானியரை வகை பிரிக்காமல் அள்ளியது பிரான்ஸில் மட்டுமல்ல. இந்தியாவிலும் 1939-ல் ஹிட்லருக்குத் தப்பி வந்த யூத அகதிகளையும் நாஜிக் கட்சிக்காரர்களையும் ஒன்றாகவே அகமதுநகர் முகாமில் அடைத்தார்கள். பின்னால் டேராடூன் முகாமில் நாஜிகளுக்கும் எதிர்ப்பாளர்களுக்கும் தனித்தனிப் பகுதி வேண்டியிருந்தது.

● அதே டேராடூனில், மோகினி சாலையில், ஹிட்லருக்குத் தப்பி வந்த இன்னொரு கம்யூனிஸ்ட் பெண் சுதந்திரமாகவே வாழ்ந்தார். எலன் கோட்சாக். பாரிஸில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்தவர். மேலே சொன்ன, ஐக்கிய முன்னணி கேட்டு வெளியேற்றப்பட்ட குழுவைச் சேர்ந்தவர். ஜெர்மனியில்தான் இந்தியப் புரட்சியாளர் எம்.என். ராயைச் சந்தித்தார். ராய் இந்தியா திரும்பி 1931-ல் சிறைப்பட்டார். நாஜி ஆட்சி வந்து எலன் பாரிஸுக்கு ஓடினார். சிறைக்கும் அந்நிய ஊருக்கும் இடையே கடிதம்தான் குடும்பம் நடத்தியது. 1937-ல் பம்பாய் வந்து ராயை மணந்தார். 1940-ல் ‘முதலில் ஹிட்லரை ஒழிக்க வேண்டும், அதற்காகப் பிரிட்டனின் போரையும் ஆதரிக்கலாம்’ என்று ராய் நின்றதும் காங்கிரஸிலிருந்து விலக்கப்பட்டதும் அந்த வீட்டுப் பேச்சின் தொடர்ச்சி என்றே எனக்குப் படுகிறது. ராய் 1954-ல் இறந்தார். எலன் 1960 டிசம்பரில் அதே வீட்டில் கொலை செய்யப்பட்டார்.

● பாரதியின் ‘இந்தியா’ பத்திரிகைக்காக உழைத்த சென்னை திருமலாச்சாரி, அதாவது எம்.பி.டி. ஆச்சார்யா, 1920-ல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி கூடியபோது தலைமை வகித்தவர். ராயோடு மோதிப் பிரிந்து, பெர்லினில் அராஜகவாதியாகி, ரஷ்ய ஓவியர் மக்டா நாஹ்மனோடு வாழ்ந்தார். ஹிட்லர் வந்ததும் 1934-ல் இருவரும் பெர்லினை விட்டார்கள். மக்டா 1951-ல் பம்பாயில் தன் ஓவியக் கண்காட்சி திறக்க இருந்த நேரத்தில் இறந்துபோனார். ஆச்சார்யா மூன்று ஆண்டு கழித்து வறுமையில் இறந்தார்.

● நம்பியார்? அவர் கதை யாருடைய சட்டகத்துக்கும் அடங்காது. நாஜிகளிடம் அடி வாங்கியவர், 1942-ல் சுபாஷ் போஸ் அழைத்ததால் அதே பெர்லினுக்குத் திரும்பினார். போஸ் நீர்மூழ்கியில் ஜப்பானுக்குப் போனபின் அங்கிருந்த சுதந்திர இந்திய மையத்தையும் நடத்தினார். போர் முடிந்ததும் பிரிட்டிஷார் கைது செய்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் நேரு அவரை மேற்கு ஜெர்மனிக்குத் தூதராக அனுப்பினார். 1986-ல் காலமானார். 2014-ல் லண்டன் ஆவணக்காப்பகம் திறந்த ரகசியக் கோப்புகளில், சோவியத்திலிருந்து ஓடி வந்த ஒருவர் ‘நம்பியார் எங்கள் உளவாளி’ என்று சொன்ன குறிப்பு இருந்தது. நாஜிகள் கம்யூனிஸ்ட் என்றார்கள், பிரிட்டிஷார் நாஜி சகவாசி என்றார்கள், கடைசியில் சோவியத் ஆள் என்றும் ஒரு கோப்பு. பதில் சொல்லத் தலச்சேரிக்காரர் உயிரோடு இல்லை.